நுரையீரலில் கல்நார் இருக்கிறது, பதிவேட்டில் பெயர் இல்லை

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோய்பட்ட தொழிலாளிக்கு இந்த நாட்டில் சட்டமே இல்லை என்று தோழர்கள் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டமும் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் (நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது) இருக்கின்றன. 1995இல் உச்சநீதிமன்றம் கொடுத்த தெளிவான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், இருமி இருமிச் செத்தவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் நிற்கின்றன. ஏன்?

'விழிப்புணர்வு இல்லை' என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்து விடுவது வழக்கம். என் பதில் வேறு. இந்தச் சட்டங்கள் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கல்நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டியவரின் பெயர் பதிவேட்டில் இல்லை. ஆலைக்குள் யார் பெயர் எழுதப்படும், யார் பெயர் எழுதப்படாது என்பதில் சாதிக்குப் பெரும்பங்கு இருக்கிறது. எனவே இது தொழிற்சங்கங்கள் மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டிய விவகாரம் அல்ல. சாதி ஒழிப்பு இயக்கங்கள் கையில் எடுக்க வேண்டிய விவகாரம்.

தூசி யார் மூச்சில் போகிறது?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது தமிழில் கல்நார். பாறையிலிருந்து எடுக்கும் நார். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, விலையும் குறைவு. காலனி வீடுகளின் கூரையில் 'சிமெண்ட் சீட்' என்று நாம் சொல்லும் தகட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது இதுதான். பழைய பிரேக் லைனிங், பாய்லர் குழாயில் சுற்றும் கயிறு, கேஸ்கெட், பழைய கப்பல்களின் உள்சுவர் என்று இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தைத்து நிற்கும், கரையாது. நுரையீரல் தழும்பேறி இறுகிப் போவதைத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் என்கிறார்கள். நுரையீரல் புற்றும், நுரையீரலை மூடியிருக்கும் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றும் இதே இழையால் வருகின்றன.

வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்திருக்கின்றன. இந்தியாவில் கல்நார்ச் சுரங்கங்களுக்கு உரிமம் கொடுப்பதை 1986இல் ஒன்றிய அரசு நிறுத்தியது. ஆனால் கப்பலில் வரவழைத்து ஆலையில் கொட்டுவதற்குத் தடை இல்லை. ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் வருகிறது. பிரேசிலின் உச்சநீதிமன்றம் 2017இல் தன் நாட்டில் இதைத் தடை செய்தது. அதன் பிறகும் அங்கிருந்து நமக்கு ஏற்றுமதி ஆனது. தங்கள் மக்களின் மூச்சில் போகக் கூடாதது நம் மக்களின் மூச்சில் போகலாம் என்பதுதான் இந்த வணிகத்தின் பொருள். இந்திய அரசும் அதற்கு உடன்பட்டிருக்கிறது. கல்நார் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 162ஆம் உடன்படிக்கை 1986இல் வந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை.

நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நடப்பது ஆலைக்குள்ளும் நடக்கிறது. தகடு ஆலையில் எல்லா வேலையும் ஒரே மாதிரி ஆபத்தானது அல்ல. சிமெண்டும் நாரும் தண்ணீரில் கலந்த பிறகு தூசி குறைவு. மூட்டையைப் பிரிப்பது, காலி மூட்டையை உதறுவது, தரையைக் கூட்டுவது, காய்ந்த தகட்டை அறுப்பது, உடைந்த தகட்டை நொறுக்குவது ஆகிய வேலைகளில்தான் தூசி பறக்கும். நான் பார்த்த இடங்களில் எந்திரத்தை இயக்குபவர் நிரந்தரத் தொழிலாளி. மூட்டை பிரிப்பவரும் தரை கூட்டுபவரும் ஒப்பந்தக்காரர் வேனில் ஏற்றிக் கொண்டு வந்தவர்கள். வேன் புறப்பட்ட இடம் சேரி. இன்றைக்கு வடமாநிலத் தொழிலாளர் வரிசை வரிசையாக வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள், அவர்களிலும் பெரும்பாலோர் அந்த ஊரின் சேரியிலிருந்து வந்தவர்கள்தாம்.

சாதி என்பது வேலையைப் பிரிக்கும் ஏற்பாடு மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று புரட்சியாளர் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். ஒரே கூரையின் கீழ், ஒரே முதலாளிக்கு வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு முகக்கவசமும் இ.எஸ்.ஐ. அட்டையும் கிடைக்கிறது. இன்னொருவருக்குக் கைத்துண்டு. அம்பேத்கர் சொன்னதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

நாற்பது ஆண்டு நோய், இரண்டு ஆண்டுக் கெடு

கல்நார் நோய்க்கு ஒரு கொடிய குணம் உண்டு. அது உடனே வராது. ஆஸ்பெஸ்டோசிஸ் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். மீசோதெலியோமா வர முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். இருபத்தைந்து வயதில் மூட்டை பிரித்தவருக்கு அறுபதில் மூச்சு முட்டும். அதற்குள் ஆலை கைமாறியிருக்கும், ஒப்பந்தக்காரர் இறந்திருப்பார், வேலை செய்த கொட்டகை இடிக்கப்பட்டிருக்கும்.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. தொழில்சார் நோய்களின் பட்டியல் அது. ஆஸ்பெஸ்டோசிசும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் அதில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள வேலையை வரையறுத்த காலம் தொடர்ந்து செய்த தொழிலாளிக்கு அந்த நோய் வந்தால், அது வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் வேலை. பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் அவர்கள் அனைவரும் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

ஆனால் வேலையை விட்ட பிறகு அறிகுறி தோன்றினால் என்ன ஆகும்? வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தோன்றியவரைத்தான் அந்தச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. மனுப் போடவும் இரண்டு ஆண்டுதான் கெடு. நாற்பது ஆண்டு கழித்து வரும் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு! தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மனுவை ஏற்க இழப்பீட்டு ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்பது உண்மை. அந்தக் காரணத்தை ஆவணத்தோடு காட்ட வேண்டும். ஆவணம் யாரிடம் இருக்கிறது?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் மனு எழுதித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார். தகடு ஆலை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் மூட்டை பிரித்தவர். காசநோய் என்று இரண்டு முறை மருந்து கொடுத்திருக்கிறார்கள். சளியில் ஒருமுறைகூடக் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர், புகைப்பழக்கத்தால் வந்த நுரையீரல் நோய் என்று எழுதியிருந்தார். பெரியவருக்குப் பீடி பழக்கமே கிடையாது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று எந்த மருத்துவமனையிலும் அவரைக் கேட்கவில்லை.

"எதுலயாச்சும் கையெழுத்து போட்டிருக்கீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை கூலி நோட்டுல கைநாட்டு வெப்பேன் தம்பி. நோட்டு மேஸ்திரிகிட்ட இருந்துச்சு. மேஸ்திரி போய்ச் சேர்ந்து எட்டு வருசமாச்சு."

ஆலைக்கு அறிவிப்பு அனுப்பினோம். அப்படி ஒரு நபர் எங்களிடம் பணிபுரிந்ததே இல்லை என்று பதில் வந்தது. அதே ஆலையில் எந்திரம் இயக்கிய, அதே ஊரின் ஊர்த்தெருவைச் சேர்ந்தவருக்கு அடையாள அட்டை இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது, காப்பீட்டு எண் இருந்தது. அவருக்கு ஊனப் பலன் கிடைத்தது. கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அவரும் நோயாளிதானே. இரண்டு பேர் நுரையீரலிலும் ஒரே நார். ஒருவர் பெயர் மட்டும்தான் தாளில் இருந்தது.

கூட வேலை செய்த நான்கு பேரின் உறுதிமொழிப் பத்திரங்களை வாங்கி மனுப் போட்டோம். விசாரணைக்கு எடுக்கும் முன் பெரியவர் இறந்து போனார். இப்போது அவருடைய துணைவியார் பெயரில் வழக்கு நடக்கிறது.

1995 தீர்ப்பு சொன்னது

இந்த ஓட்டையை உச்சநீதிமன்றம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் 1986இல் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகள் அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே.ராமசாமி. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து உச்சநீதிமன்றம் வரை போன மிகச் சிலரில் ஒருவர்.

தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவமும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. வேலையில் இருக்கும்போது மட்டுமல்ல, ஓய்வு பெற்ற பிறகும் அந்த உரிமை தொடர்கிறது என்றது. இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் வேலை முடிந்த பிறகு வரும் நோய்க்கு வழி செய்யவில்லை, எனவே அவர்களைப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னது.

அதன் கட்டளைகளை நாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை பாதுகாக்க வேண்டும். காற்றில் நார் எவ்வளவு என்று உரிய வடிகட்டிச் சோதனை மூலம் அளக்க வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆலை மருத்துவக் காப்பீடு செய்ய வேண்டும். சிறு ஆலைகளையும் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதை அரசுகள் பரிசீலிக்க வேண்டும். குஜராத் தொழிலாளர்களை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் மறுபரிசோதனை செய்து, ஆஸ்பெஸ்டோசிஸ் உறுதியானவர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயை ஆலை மூன்று மாதத்தில் கொடுக்க வேண்டும்.

2011இல் கல்நாரை முற்றிலும் தடை செய்யக் கேட்ட இன்னொரு வழக்கை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் 1995 கட்டளைகளை ஒன்றிய, மாநில அரசுகள் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டும் என்று அதே தீர்ப்பில் மீண்டும் சொன்னது. ஆகவே அந்தக் கட்டளைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 40 ஆண்டுப் பதிவேடு என்பது நமக்குக் கிடைத்த பெரிய ஆயுதம். 'அப்படி ஒரு நபர் இல்லை' என்று ஆலை சொன்னால், 'அப்படியானால் உங்கள் பதிவேட்டை எடுத்து வையுங்கள்' என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை அதில் எழுதாமல் விட்டது ஆலையின் குற்றம். அந்தக் குற்றத்தின் பலனை அதே ஆலை அனுபவிக்கக் கூடாது.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் கதவு மருத்துவமனை. மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்: இத்தனை ஆண்டு, இந்த ஆலையில், இந்த வேலை. அதைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டின்படி படிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். சி.டி. ஸ்கேனும் மூச்சுத் திறன் சோதனையும் கேட்க வேண்டும். ஆஸ்பெஸ்டோசிஸ் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆவது பிரிவின்படி, அதைக் கண்டறியும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். எழுதினால் நம் பெயர் முதன்முறையாக ஓர் அரசுத் தாளில் ஏறுகிறது.

இரண்டாவது கதவு இ.எஸ்.ஐ. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சந்தா கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளியுடையது. எண் கிடைத்தால் மருத்துவக் குழுவின் முன் போய், உழைக்கும் திறன் எவ்வளவு போனது என்று முடிவு செய்து, மாதந்தோறும் ஊனப் பலன் வாங்கலாம். இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் பலன் உண்டு. மறுத்தால் ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே பாதிப்புக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கதவு இழப்பீட்டு ஆணையர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையரே இந்தப் பொறுப்பில் இருக்கிறார். இ.எஸ்.ஐ.யில் இல்லாதவர்கள் இங்கே போக வேண்டும். ஒப்பந்தக்காரரைத் தேடி அலைய வேண்டாம். சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். தொகை எவ்வளவு? மாதக் கூலியை 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பில் வைத்துக் கொண்டால், 50 வயதில் முழு நிரந்தர ஊனம் அடைந்தவருக்கு 60 விழுக்காடு கூலியை 153.09 என்ற காரணியால் பெருக்க வேண்டும். 13,77,810 ரூபாய் வருகிறது. மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு வந்து 'மருத்துவச் செலவுக்கு வெச்சுக்க' என்று இருபதாயிரத்தைக் கொடுத்துத் தாளில் கைநாட்டு வாங்கிப் போகிறாரே, அவருக்கு இந்தக் கணக்கு தெரியும். நமக்கும் தெரிய வேண்டும். உரிய காலத்தில் கொடுக்காத முதலாளி 12 விழுக்காடு வட்டி கட்ட வேண்டும். தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை தண்டமும் விதிக்கலாம்.

உரிமையியல் நீதிமன்றத்தில் நட்ட ஈடு கேட்டும் வழக்குப் போடலாம். ஆனால் ஒரே பாதிப்புக்கு அதையும் இழப்பீட்டு ஆணையரையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது கதவு உயர்நீதிமன்றம். ஆலை பதிவேடு வைக்கவில்லை, ஆய்வாளர் கேட்கவில்லை, அரசு 1995 தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்றால் 226ஆவது பிரிவின் கீழ் நீதிப்பேராணை மனு. இதைத் தனி ஆளாகச் செய்ய வேண்டாம். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016இல் 591 பேருக்கும் சேர்த்து நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆலை மூடிய பிறகும், பத்தாண்டு இழுத்தடிப்புக்குப் பிறகும், சங்கம் நின்றதால் முடிந்தது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இல்லை என்று பலர் திரும்பிப் போகிறார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆவது பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் பேசலாம். ஆலைகளில் எத்தனை பேருக்குத் தொழில்சார் நோய் பதிவாகியிருக்கிறது, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மேலே சொன்ன மூன்று பழைய சட்டங்களும் அவற்றுக்குள் போய்விட்டன. தொழில்சார் நோய்ப் பட்டியல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தொடர்கிறது. மருத்துவர் நோயைத் தெரிவிக்க வேண்டிய கடமையும் தொடர்கிறது. எனவே உரிமை போய்விட்டது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் நோய்க்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை மட்டும் மனுப் போடும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால் ஓட்டை பெரிதாகியிருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது 20 பேர் என்று ஆகிவிட்டது. பிரேக் லைனிங் தேய்க்கும் பட்டறையில் 12 பேர் வேலை செய்தால் அது இனித் தொழிற்சாலை இல்லை. ஆய்வாளரின் பெயரோடு 'உதவியாளர்' என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கு உதவி என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டம் பார்க்காதவர்கள்

இவ்வளவு கதவுகளைத் தட்டினாலும் சிலருக்கு ஒரு கதவும் திறக்காது. கணவரின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த பெண்ணுக்கும் அதே நார் நுரையீரலில் போகிறது. அவர் எந்த ஆலையின் தொழிலாளியும் அல்ல. அவருக்கு இழப்பீட்டு ஆணையர் இல்லை, காப்பீடு இல்லை. உடைந்த தகடுகளை ஆலை எங்கே கொட்டுகிறது? ஊருக்குள் கொட்டாது. சேரியை ஒட்டிய புறம்போக்கில் கொட்டும். அந்தத் துண்டுகளை எடுத்துவந்து வாசலில் பரப்பிச் சேறு மிதிக்காமல் நடப்பவர்களுக்கும், அதன்மேல் விளையாடும் பிள்ளைகளுக்கும் பட்டியலில் இடமில்லை. புயலில் பறந்த கூரைத் தகட்டை மாற்றும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், பழைய கட்டடம் இடிப்பவருக்கும் இதே நிலைதான். இவர்களின் முதலாளி யார் என்பதே அன்றாடம் மாறும்.

தென்னாப்பிரிக்காவில் கேப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கல்நார்ச் சுரங்கங்களால் நோய்பட்டவர்கள் சுமார் 7,500 பேர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். பெரும்பாலோர் கருப்பின மக்கள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, அருகில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். உங்கள் நாட்டிலேயே வழக்குப் போடுங்கள் என்று நிறுவனம் வாதாடியது. அங்கே இந்த வழக்கை நடத்த அவர்களுக்கு வசதி இல்லை, எனவே இங்கே நடக்கட்டும் என்று 2000இல் பிரபுக்கள் அவை தீர்ப்புச் சொன்னது. 2003இல் நிறுவனம் 75 லட்சம் பவுண்ட் கொடுத்தது. தலைக்குப் பிரித்தால் சிறிய தொகைதான். ஆனால் நிறவெறியால் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள், தொழிலாளியையும் ஊர்மக்களையும் பிரிக்காமல் ஒரே வழக்கில் நின்றார்கள். நாம் கற்றுக் கொள்ள வேண்டியது அதை.

நாம் கேட்க வேண்டியது

எந்த முதலாளியிடம் வேலை செய்தாய் என்று நிரூபித்தால்தான் பணம் என்ற நிபந்தனையை உடைக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. ராஜஸ்தான் அரசு 2019இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. மருத்துவக் குழு நோயை உறுதி செய்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம், மாத ஓய்வூதியம். எந்தச் சுரங்க முதலாளி என்று தொழிலாளி காட்ட வேண்டியதில்லை. கல் உடைக்கும் மக்களும் அவர்களுடைய விதவைகளும் பல ஆண்டுகள் தெருவில் நின்று வாங்கியது அது. சமூகநீதி மண் என்று சொல்லிக் கொள்ளும் தமிழ்நாட்டில் ஏன் இதைச் செய்ய முடியாது? கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு வரி வந்து சேர்கிறது. கல்நார் ஆலைகளிடம் தனி வரி வாங்கலாம். தமிழ்நாடு அரசின் சிமெண்ட் கழகமே ஆலங்குளத்தில் கல்நார்த் தகடு ஆலை நடத்தியது. அரசுக்கு இதில் தார்மீகக் கடமை மட்டுமல்ல, முதலாளி என்ற கடமையும் உண்டு.

இரண்டாவது, கெடு. வேலையை விட்ட நாளிலிருந்து அல்லாமல், மருத்துவர் நோயை உறுதி செய்து சான்று தந்த நாளிலிருந்து கெடு தொடங்க வேண்டும். இதைச் சட்டத்தில் எழுத வேண்டும்.

மூன்றாவது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொழில்சார் நோய்ப் பிரிவு. தகடு ஆலைகள் உள்ள மாவட்டங்களில் அது முதலில் வர வேண்டும். நோயாளியின் வேலை என்ன, ஒப்பந்தமா நிரந்தரமா, எந்தச் சமூகம் என்பதும் பதிவாக வேண்டும். யாருடைய நுரையீரலைத் தின்று இந்தத் தொழில் வளர்ந்தது என்பது அப்போதுதான் கணக்காக வெளியே வரும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிரந்தரத் தொழிலாளருக்கு ஊதிய உயர்வு பேசும் மேசையில், மூட்டை பிரிப்பவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்று என்ற கோரிக்கையும் முதல் வரிசையில் வர வேண்டும். அவர் உங்கள் உறுப்பினர் இல்லை என்று விட்டுவிட்டால், ஆலை செய்யும் பிரிவினையை நீங்களும் செய்கிறீர்கள். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். இ.எஸ்.ஐ.க்கு அடித்தளமான அடார்கர் அறிக்கை 1944இல், அவருடைய காலத்தில் வந்தது. அவர் படத்தை மேடையில் வைக்கும் தொழிற்சங்கமும், அவர் பெயரில் இயங்கும் அமைப்பும் இந்த ஒரு வேலையில் சேர்ந்து நிற்கலாம்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகடு ஆலையோ, பிரேக் பட்டறையோ, கப்பல் உடைக்கும் வேலையோ உள்ள பகுதித் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காலனிக்குள் போங்கள். பெயர், வயது, எந்த ஆலை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை, ஒப்பந்தக்காரர் யார், கூட வேலை செய்தவர்கள் யார் யார், இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொள்ளுங்கள். இறந்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். அவர்களின் மருத்துவச் சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் தூக்கி எறிய வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். உடன் வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே உறுதிமொழிப் பத்திரம் வாங்கி விடுங்கள். பத்துப் பேர் சேர்ந்ததும் அந்தப் பட்டியலோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். ஆலை எழுத மறுத்த பதிவேட்டை நாமே எழுதத் தொடங்குவோம்.